வயது பதினெட்டு ஆகிறது, பரீட்சைக்கோ இன்னும் ஏழு மாதம்

கேள்வி: நான் திருகோணமலை நகரில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்தில் ஆறு வயது முதல் வளர்கிறேன். அம்மா இறந்துவிட்டார், அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படிக்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் எனக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. பரீட்சைக்கு ஏழு மாதம் இருக்கிறது. அமெரிக்காவில் வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வெளியேறும் பிள்ளைகளுக்கு அரசாங்கமே படிப்புச் செலவைக் கொடுக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நமது நாட்டில் அப்படி ஏதும் உண்டா? பதினெட்டு வயதானதும் நான் எங்கே போவது? மூதூரில் இருக்கும் மாமா தம்முடைய வீட்டுக்கு வரச் சொல்கிறார், ஆனால் "வந்தால் ஓர் இடம் பார்த்துவிடலாம்" என்று மாமி சொன்னது என் காதில் விழுந்தது. நான் போகத்தான் வேண்டுமா? பதினைந்து வயதுத் தம்பி வேறோர் இல்லத்தில் இருக்கிறான். நான் வெளியேறிய பிறகு அவனைப் பார்க்க விடுவார்களா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருகோணமலை)

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றிய கேள்விதான் முதலில் வருகிறது. அதைச் சற்றுப் பிறகு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நாள் குறித்து ஓடிக்கொண்டிருப்பது இருப்பிடத்தைப் பற்றிய கேள்வி. நான் இல்லப் பிள்ளைகளின் பொறுப்பைப் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். பதினெட்டாம் பிறந்தநாளுக்குப் பிறகு என்னிடம் வந்த பிள்ளைகளுக்கு என்னால் செய்ய முடிந்ததைவிட, அதற்கு மூன்று மாதம் முன்னதாக வந்தவர்களுக்குச் செய்ய முடிந்தது பல மடங்கு அதிகம். நீங்கள் சரியான நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

இலங்கையில் 1989ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கு முன்னர் இருபத்தொரு வயது நிறைந்தவரே பெரியவராகக் கருதப்பட்டார். அதன் பின்னர் அது பதினெட்டாகக் குறைந்தது. இல்லங்களும் நன்னடத்தைத் திணைக்களமும் ஒரு பிள்ளையின் மீது கொண்டிருக்கும் பொறுப்பு அந்த வயதோடு முடிவதே பொதுவான நடைமுறை. ஆனால் நமது பாடசாலைகளின் கணக்கு வேறு. உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ வயதாகியிருக்கும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அம்மா இரவு பத்து மணிக்கு பிளேன்ரீ ஊற்றி மேசையில் வைத்துவிட்டுப் போகும் அதே மாதங்களில், இல்லத்தில் வளர்ந்த பிள்ளை தன் உடுப்புப் பெட்டியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். அதைக் கிழக்கு மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தின் ஆணையாளருக்கு முகவரியிட்டு, உங்கள் இல்லப் பொறுப்பாளர் ஊடாகவும் உங்களுக்குரிய நன்னடத்தை உத்தியோகத்தர் ஊடாகவும் அனுப்புங்கள். 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சேவை மாகாணங்களின் கையில் இருக்கிறது; கிழக்கு மாகாணத்துக்கான அலுவலகம் திருகோணமலையிலேயே இருப்பது உங்களுக்கு ஒரு வசதி. பொத்துவிலில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அங்கே வந்து திரும்புவது ஒரு முழுநாள் பயணம். கடிதத்தில் நீங்கள் இல்லத்துக்கு வந்த ஆண்டு, நீதிமன்றக் கட்டளை இருந்தால் அதன் இலக்கம், பதினெட்டு வயது நிறையும் திகதி, தோற்றவிருக்கும் பரீட்சை ஆகியவற்றை நான்கு வரிகளில் எழுதிவிட்டு, ஐந்தாவது வரியில், "பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வரை இதே இல்லத்தில் தங்கியிருக்க அனுமதி வேண்டுகிறேன்" என்று கேளுங்கள். பரீட்சை முடியும் வரை என்று கேட்காதீர்கள். பரீட்சை முடிந்த மறுநாளும் நீங்கள் எங்கேயாவது படுக்க வேண்டும், பெறுபேறு வர மாதங்கள் ஆகும். அதிபரிடமிருந்து, நீங்கள் அந்தப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவி என்று ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். பொறுப்பாளர் வாய் வார்த்தையாக "நீ இரு பிள்ளை, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அதற்கு நன்றி சொல்லிவிட்டுக் கடிதத்தையும் கொடுங்கள். திகதியும் முத்திரையும் குத்திய பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலையில் சேர்ந்த முதல் வருடங்களில், ஓர் இல்லத்தில் ஒரு பையனுக்கு இதே வாக்குறுதி வாயால் கொடுக்கப்பட்டது. இடையில் அந்த இல்லத்தின் நிர்வாகக் குழு மாறியது. புதிதாக வந்தவர்களுக்கு அவனுடைய இடம் வேறொரு பிள்ளைக்குத் தேவைப்பட்டது. அவர்கள் செய்ததையும் முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் ஒரு பேக்கரியின் மேல்மாடியில், மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்து, காலை மூன்று மணிக்குப் போறணை பற்றவைக்கும் சத்தத்தில் எழுந்து படித்தான். பரீட்சையும் எழுதினான். இரண்டு பாடங்களில் சித்தி பெற்றான். மூன்றாவது பாடம் நடந்த அன்று காய்ச்சல். எழுத்தில் ஓர் அனுமதி இருந்திருந்தால் அவனை அசைத்திருக்க முடியாது. அதை எழுதுவித்திருக்க வேண்டியவள் நான், எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

உங்கள் கோரிக்கைக்கு வலுச் சேர்க்க இரண்டு விடயங்களைப் பணிவாகக் குறிப்பிடலாம். ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்றுக்கொண்ட, பெற்றோரிடமன்றி வளரும் பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்புக்கான வழிகாட்டல்கள், பராமரிப்பிலிருந்து வெளியேறுவதற்கான ஆயத்தம் அந்த நாளுக்கு வெகு முன்பே தொடங்க வேண்டும் என்றும், வெளியேறும் இளையோருக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் தொடர வழி வேண்டும் என்றும் கூறுகின்றன. இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. 2019இல் மாற்றுப் பராமரிப்புக்கெனத் தேசியக் கொள்கை ஒன்றையும் வகுத்துக்கொண்டது. கொள்கை உங்களுக்குச் சோறு போடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், மேசைக்கு அப்பால் இருக்கும் உத்தியோகத்தர் "இதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா" என்று கேட்கும்போது சொல்வதற்கு ஒரு வரி வேண்டும்.

இனி அமெரிக்காவைப் பற்றி. நீங்கள் பார்த்த வீடியோ பொய்யல்ல. அங்கே 1999இல் வந்த சட்டம் ஒன்று, ஜோன் சேஃபி என்ற செனட்டரின் பெயரில், வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளையோருக்கான திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. பின்னர் அதனுடன் கல்வி, பயிற்சிக்கான வவுச்சர் ஒன்று சேர்க்கப்பட்டது: ஆண்டுக்கு 5,000 டொலர் வரை, மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாமல், 26 வயது வரை பெறலாம். நமது நாட்டில் இல்லப் பிள்ளைகளுக்கென்று அந்தப் பெயரில், அந்த வடிவில் ஒரு நிதி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே அந்தப் பணத்தின் பெரும்பகுதி எதற்குப் போகிறதோ, அந்தக் கல்விக் கட்டணம் இங்கே அரச பல்கலைக்கழகத்தில் இல்லவே இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியிலும் முழுநேரப் பாடநெறிகளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இங்கே இல்லப் பிள்ளையின் படிப்பு நிற்பது கட்டணத்தால் அல்ல, மகள். ஒரு கட்டில், இரண்டு வேளைச் சாப்பாடு, பஸ் காசு, படிவத்தில் "பெற்றோர் அல்லது பாதுகாவலர்" என்ற இடத்தில் ஒரு கையொப்பம் ஆகிய நான்கும் இல்லாததால்தான் நிற்கிறது. ஆகவே நீங்கள் தேட வேண்டிய உதவியும் அந்த நான்கையும் சுற்றியே அமைய வேண்டும்.

முதலில், ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கக்கூடிய பணம். 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், இல்லங்களில் வாழும் பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுப்பனவு அறிவிக்கப்பட்டது; அதில் ஒரு பகுதி பிள்ளையின் பெயரிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் சேர்ந்ததா, சேமிப்பு எந்த வங்கியில் இருக்கிறது என்று பொறுப்பாளரிடம் இப்போதே கேளுங்கள். அதற்கு முன்பே நன்கொடையாளர் யாராவது உங்கள் பெயரில் கணக்குத் திறந்திருக்கவும் கூடும். சிறுவர் சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தைப் பதினெட்டு வயதுக்குப் பின்னர்தான் எடுக்கலாம். அப்போது அடையாள அட்டையோடு நேரில் சென்று அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். கணக்குப் புத்தகத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் வங்கியில் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். பெயர் விடயத்துக்குப் பிறகு வருகிறேன், அது தனிக்கதை.

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நிதியம் அது. குடும்ப வருமானத்தையும் பெறுபேற்றையும் பார்த்துக் கொடுக்கிறார்கள். அது கிடைக்காதவர்களுக்குப் பர்சரி என்ற உதவிப்பணம் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டம் மகாபொலவை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரியை 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தியது. இது ஒரு பிள்ளை தனியே வாழப் போதாது. விடுதி கிடைத்து, சாப்பாட்டைக் கணக்காகப் பார்த்துக்கொண்டால் பாதிச் செலவைத் தாங்கும். முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதால், முதலாம் ஆண்டின் தொடக்கத்துக்கு என்று வேறு பணம் ஒதுக்கி வையுங்கள்.

இந்த விண்ணப்பங்களில்தான் இல்லப் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். "தந்தையின் தொழில், வருமானம்" என்ற இடத்தை வெறுமையாக விட்டால் படிவம் முழுமையற்றது என்று திரும்பி வரும். அதற்குப் பயந்து, உறவினர் ஒருவரின் வருமானத்தை எழுதிவிடும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். உங்களை வளர்க்காத ஒருவரின் வருமானத்தை ஒருபோதும் உங்கள் குடும்ப வருமானமாக எழுதாதீர்கள். மாமா நல்ல எண்ணத்தோடு "என் பெயரைப் போடு" என்று சொன்னாலும் வேண்டாம். அந்த இடத்தில், தாய் இறந்துவிட்டார், தந்தையின் இருப்பிடம் அறியப்படவில்லை, குறித்த திகதி முதல் திணைக்களத்தின் மேற்பார்வையில் உள்ள இல்லத்தில் வளர்ந்தவர் என்று எழுதி, தாயின் மரணச் சான்றிதழையும், திணைக்களத்தின் உறுதிப்படுத்தல் கடிதத்தையும், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் இணையுங்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும். உங்கள் இல்லம் நகரில் இருப்பதால் அது பெரும்பாலும் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகமாக இருக்கும். திணைக்களத்தின் கடிதத்தை ஒரு முறை வாங்கும்போதே மூன்று மூலப்பிரதிகள் கேட்டு வாங்குங்கள்.

எங்கே படிக்கலாம் என்பதிலும் வணிகப் பிரிவுப் பிள்ளையாகிய உங்களுக்கு ஊரிலேயே வாய்ப்பு இருக்கிறது. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வணிகக் கற்கைகளுக்கான பீடம் உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் வணிக முகாமைத்துவ பீடம் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளி போதாமல் போனால், திருகோணமலையிலேயே உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். அதை இரண்டாந்தரமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தில் கணக்குப் பகுதிகளில் உட்கார்ந்திருக்கும் பலர் அந்த வழியாக வந்தவர்கள் என்பதை அறிந்தவள் நான். தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானால் தங்குமிடமும் பயிற்சிக்காலக் கொடுப்பனவும் சேர்ந்தே கிடைக்கும். இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அரசிடம் குறைவு. ஆசிரியத் தொழிலில் உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்று கடிதத்தில் சொல்லவில்லை. கொஞ்சமாவது இருந்தால் வர்த்தமானி அறிவித்தல் வரும்போது விண்ணப்பிக்கத் தவறாதீர்கள்.

எனக்கு உங்களைப் பற்றி உண்மையில் கவலை தருவது இவற்றுக்கு இடைப்பட்ட காலம். பரீட்சை முடிந்து பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பதிவுக் கடிதம் வந்து, வளாகத்துக்குள் காலடி வைக்கும் வரையில் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். வீட்டுப் பிள்ளைகள் அந்த வருடத்தில் ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் போகிறார்கள், சமையல் பழகுகிறார்கள், தூங்குகிறார்கள். இல்லத்துப் பிள்ளைகள் அந்த வருடத்தில்தான் காணாமல் போகிறார்கள். புடவைக் கடையில் நிற்கப் போன பிள்ளை கடையிலேயே நின்றுவிடுகிறது. அனுமதிக் கடிதம் இல்லத்தின் பழைய முகவரிக்கு வந்து, யாரோ அலுமாரியில் வைத்துவிட, பதிவுத் திகதி கடந்துபோன கதை ஒன்றுக்கு நானே சாட்சி.

அந்த இடைவெளியை ஒரு தேசிய தொழிற்தகைமைப் பாடநெறியால் நிரப்புவது நல்லது. இந்தத் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது; நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு நிகரானது. தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை ஆகிய மூன்றிலும் விசாரியுங்கள். பயிலுனர் பயிற்சி என்பது ஒரு வேலைத்தலத்தில் இருந்துகொண்டே பழகுவது; சிறு கொடுப்பனவும் கிடைப்பதால் உங்கள் நிலைக்கு அது பொருந்தக்கூடும். அரச பயிற்சி நிலையத்துக்குப் போய்வரப் பஸ் பருவச்சீட்டு எடுக்கலாம். நகரில் கட்டணம் வாங்கி "சர்வதேச டிப்ளோமா" தரும் தனியார் நிறுவனங்கள் பல இருக்கின்றன. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவிலக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, காட்டாத இடத்தின் படியில் இறங்கி வந்துவிடுங்கள்.

வேலைக்குத்தான் போக வேண்டும் என்றால், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் சீசனுக்கு ஆட்கள் எடுப்பார்கள். அந்தச் சீசன் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியோடு ஓய்ந்துவிடும், மழை தொடங்கியதும் வேலையும் போய்விடும் என்பதை முன்னரே கணக்கில் வையுங்கள். எந்த வேலையானாலும் நியமனக் கடிதமும் ஊழியர் சேமலாப நிதி இலக்கமும் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் அந்த நிதிக்குப் போக வேண்டும். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 தை முதல் 30,000 ரூபாய். "சாப்பாடும் தங்குமிடமும் தருகிறோம், சம்பளத்தைப் பிறகு பேசலாம்" என்று சொல்லும் இடத்துக்கு, அவர் கோயில் தர்மகர்த்தாவாகவே இருந்தாலும், போக வேண்டாம்.

மாமாவின் வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பதினெட்டு வயது நிறைந்த பிறகு உங்கள் திருமணத்துக்கு உங்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் பதிவும் நடக்காது. அதே வேளை, பன்னிரண்டு வருடமாகத் தேடி வராதவர் இப்போது வந்ததற்குக் கெட்ட காரணம் மட்டுமே இருக்கும் என்றும் நான் முடிவு செய்ய மாட்டேன். எங்கள் ஊர்ப் பெண்கள் "ஓர் இடம் பார்த்துவிடலாம்" என்று சொல்வதில் பாதி அக்கறை, பாதி பொறுப்பை இறக்கிவைக்கும் அவசரம். உறவை அறுத்துக்கொள்ளாமல் நாளைத் தள்ளிப்போடுங்கள். "மாமா, பரீட்சை முடியட்டும். மூதூரிலிருந்து கிண்ணியா சுற்றித் தினமும் பள்ளிக்கூடம் வந்துபோனால் படிக்க நேரம் இராது" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. நீங்கள் பதினெட்டு நிறையாதவராக இருக்கும் இந்த மூன்று மாதத்துக்குள், அந்த வீட்டைப் பார்த்து அறிக்கை தரும்படி நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேட்கலாம். அவர் போய், நீங்கள் படுக்கப்போகும் அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கிறதா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வருவார். விடுமுறையில் இரண்டு நாள் தங்கிப் பார்க்கவும் அனுமதி பெறலாம். திரும்பி வந்த பிறகு உங்கள் மனம் என்ன சொல்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் கடதாசிகளுக்கு வருகிறேன். உங்களைப் பற்றி ஒரு கோப்பு இருக்கிறது. மங்கிப்போன காக்கி அட்டை, மேல் மூலையில் துளையிட்டு நாடா கட்டியது, உள்ளே உங்கள் ஆறாம் வயதிலிருந்து யார் யாரோ எழுதிய குறிப்புகள். அதில் உங்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதி இருக்கும், நீதிமன்றக் கட்டளை இருக்கும், அம்மாவின் மரணச் சான்றிதழ் இருக்கலாம், சில கோப்புகளில் யாரும் எதிர்பாராத ஒரு புகைப்படமும் இருக்கும். ஒருமுறை ஒரு பிள்ளையின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று அவளுடைய அம்மம்மா பென்சிலால் எழுதிக் கொடுத்த துண்டு விழுந்தது: "பிள்ளைக்கு நண்டு ஒத்துவராது." பத்து வருடமாக அந்தப் பிள்ளைக்கு நண்டு சமைத்த நாட்களில் உடம்பு தடித்தது, யாரும் கோப்பைத் திறக்கவில்லை. வெளியேறுவதற்கு முன் உங்கள் கோப்பைப் பார்க்கவும், தேவையான பக்கங்களின் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பெறவும் எழுத்தில் கேளுங்கள்.

பிறகு பெயர். பிறப்புச் சான்றிதழ், பாடசாலை இடாப்பு, சாதாரண தரச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய ஐந்தையும் ஒரு மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். இல்லத்துக்கு வந்த நாளில் பிள்ளை தன் வீட்டுப் பெயரைச் சொல்ல, அதையே பள்ளியில் பதிந்துவிட்ட சம்பவங்கள் ஏராளம். சிறு வேறுபாட்டுக்கு ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டால் பல இடங்களில் ஏற்பார்கள். பிறப்புப் பதிவிலேயே பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். அதனால்தான் இப்போதே என்கிறேன். பிறப்பே பதியப்படாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், குறிப்பாக இடப்பெயர்வுக் காலத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்குக் காலங்கடந்த பதிவுக்கு வழி உண்டு, உங்களுக்கு அது தேவைப்படாது என்று நம்புகிறேன்.

முகவரியும் அப்படித்தான். நீங்கள் வெளியேறிய பின்னரும் இரண்டு வருடங்களுக்கு மாறாமல் இருக்கப்போகிற ஒரு தபால் முகவரியைத் தெரிவு செய்யுங்கள். அது வகுப்பாசிரியையின் வீடாக இருக்கலாம், நம்பிக்கையான ஒரு தோழியின் வீடாக இருக்கலாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அதையும், உங்கள் சொந்தக் கைப்பேசி இலக்கத்தையும் எழுதுங்கள். கடிதம் வந்தால் அன்றே உங்களுக்குச் சொல்லும் ஒருவர் அந்த முகவரியில் இருக்க வேண்டும்.

பெறுபேற்றுக்குப் பிறகு தங்குவதற்கு, வேலை செய்யும் பெண்களுக்கான விடுதிகளையும், முன்னர் உங்கள் இல்லத்திலிருந்து வெளியேறிய அக்காமார் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து உவர்மலைப் பக்கமோ பாலையூற்றுப் பக்கமோ ஓர் அறை எடுத்து, தேங்காயும் சமையல் காஸும் பகிர்ந்து வாழ்வது தனியே போர்டிங் எடுப்பதைவிடப் பாதுகாப்பும் சிக்கனமும் ஆகும். அந்த அக்காமார்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஆலோசகர்கள். எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் இப்போதே ஒரு முறை சந்தித்து உங்கள் பெயரைச் சொல்லி வையுங்கள். பதினெட்டு நிறையும் வரை அவசரத்துக்கு 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம். அதற்குப் பிறகு பெண்களுக்கான 1938. மனம் மிகவும் சோர்ந்துபோகும் இரவுகளில் 1926க்கு எடுத்துப் பேசலாம்.

கடைசியாகத் தம்பி. நீங்கள் பெரியவராவதால் அவனுக்கு அக்கா இல்லாமல் போய்விடுவதில்லை. உடன்பிறப்புகளைப் பிரிக்கக் கூடாது என்பதே நான் மேலே சொன்ன வழிகாட்டல்களின் பொது விதி. ஆணும் பெண்ணும் என்பதால் வெவ்வேறு இல்லங்களில் வைத்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் வெளியேறுவதற்கு முன்பே, மாதத்தில் எந்த நாளில் அவனைச் சந்திப்பது, வாரத்தில் எந்த நேரத்தில் தொலைபேசியில் பேசுவது என்பதை அவனுடைய இல்லப் பொறுப்பாளருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் எழுதிக் கேட்டு உறுதி செய்யுங்கள். பதினெட்டு வயது நிறைந்த நெருங்கிய உறவினர் என்ற முறையில் உங்கள் பெயரை அவனுடைய கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அவனை உடனே உங்களிடம் அழைத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள். நிலையான வருமானமும் கூரையும் அமைந்த பிறகு அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம். இப்போதைக்கு, கோப்பிலிருந்து பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் மரணச் சான்றிதழ், நீதிமன்றக் கட்டளை ஆகியவற்றின் பிரதிகளைக் கேட்கும்போது எல்லாவற்றிலும் இரண்டு இரண்டாகக் கேளுங்கள். மூன்று வருடத்தில் அவனுக்கும் இதே கடதாசிகள் வேண்டியிருக்கும்.